தார்ப்பெட்டி

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெரியப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டார். வெளியூர்ச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னும் கிளம்பவில்லை. வாசல் பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை. “இன்னைக்கே தறியில உக்காரணுமா? கல்லு மனசுப்பா” என்று திண்ணையில் யாரோ சொன்னது உள்ளே கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிதியை அழுத்தினார், கயிற்றைச் சுண்டினார், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடியது. சற்று நேரத்தில் நாடாவுக்குள் இருந்த தார் தீர்ந்தது. பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவருடைய வலது கை பக்கவாட்டில் நீண்டது. “இந்தா, தாரு…”

பெட்டி காலி. நீண்ட கை நீண்டபடியே நின்றது.

நெசவு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்கள். அதுதான் தார். நெய்கிறவர் ஒருவர் என்றால், பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிப் போடுகிறவர் இன்னொருவர்; பெரும்பாலும் மனைவி. வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியத்தில் கைத்தறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூலிக் கணக்கில் ஒரு சேலைக்கு ஒரு ஆள் பெயர்தான் ஏறும். வேலை என்னவோ இரண்டு பேருடையது.

நீண்டு நின்ற அந்தக் கையை வெகுநாள் நான் பாசத்தின் அடையாளமாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூளை ஆய்வாளர்கள் அதே காட்சியைப் பார்த்தால் வேறொன்றும் சொல்வார்கள்: அது மூளையின் கணக்குத் தப்பிய நொடி.

நம் மூளை கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே யூகித்து வைத்துக்கொள்கிறது. யூகம் தப்பும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறது. நடுராத்திரி எழுந்து, கண் திறக்காமலே சுவிட்சைப் போடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. நாற்பது வருடம் ஒரே வீட்டில் ஒருவரோடு இருந்துவிட்டால் அந்த மனுஷி, அந்த மனுஷர், நம் யூகங்களில் பாதியாகிவிடுகிறார். காலை ஆறு மணிக்கு அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்கும், பாயின் அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கும், கை நீட்டினால் தார் வரும். இப்படி ஆயிரம் யூகங்கள். ஆளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு இவற்றில் ஒன்றுகூட அழிவதில்லை.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் எலிகளின் மூளையில் இடத்தை அறியும் செல்களை ஆராய்ந்து 2014இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். அவர்கள் குழு 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. எலி ஓடித் திரியும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். பொருள் இருந்த இடத்தை எலி கடக்கும்போது அதன் மூளையில் சில செல்கள் துடித்தன. பொருள் இருந்தபோது துடித்த செல்கள் அல்ல இவை. ‘இங்கே ஒன்று இருந்ததே, எங்கே’ என்பதற்கென்றே இருக்கும் செல்கள். பல நாள் வரைக்கும் அவை அதே இடத்தில் துடித்தன. ஒரு எலிக்கு, அதுவும் ஏதோ ஒரு பொருளுக்கு இவ்வளவு என்றால், தார்ப்பெட்டி இருந்த பக்கம் நீண்ட கையை யார் குறை சொல்வது?

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தை மட்டுமே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறவர் மேரி-பிரான்சஸ் ஓ’கானர். மூளைக்குள் இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்கிறார் அவர். ஆஸ்பத்திரியில் பார்த்தது, கொள்ளி வைத்தது எல்லாம் நினைவில் இருக்கிறது. அது ஒரு செய்தி. ‘என்னவர் எப்போதும் இருப்பார், கண்ணுக்குத் தெரியாவிட்டால் எங்கேயோ போயிருக்கிறார், வந்துவிடுவார்’ என்பது இன்னொரு செய்தி. இது பல வருடப் பழக்கத்தில் ஊறியது, ஒரு நாள் சம்பவத்தில் மாறாது. அதனால்தான் கடைக்குப் போனவர் திரும்பிவரும் நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஓ’கானரின் பார்வையில் துக்கம் ஒரு வகைப் படிப்பு. புது வரைபடத்தை மூளை எழுதிக்கொள்ள வேண்டும். பேசிப் பேசியோ யோசித்து யோசித்தோ அது எழுதப்படுவதில்லை. அவர் இல்லாத காலைகளை ஒவ்வொன்றாக வாழ்ந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. கை நூறு தடவை நீளும். நூற்றோராவது தடவை நீளாமல் இருக்கலாம்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ‘இந்தக் காயத்துக்கு அந்தத் துணி உதவாது’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். எழுத எனக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் காயம் மனசில் மட்டும் படுவதில்லை, உடம்பிலும் படுகிறது என்பதைப் புள்ளிவிவரமே சொல்கிறது. பிரிட்டனில் கோலின் மரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1969இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்திலேயே 213 பேர் இறந்துபோயிருந்தார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 சதவீதம் அதிகம். இதயநோய்தான் முன்னால் நின்றது. ஆறு மாதம் தாண்டியபின் அந்த வேகம் மெல்ல மெல்லத் தணிந்தது. ‘அவ போன ஆறே மாசத்துல அவரும் போயிட்டாரு’ என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சில்லை.

பெண்களின் நெஞ்சு வேறு விதமாக அடி வாங்குவதுண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நிலைக்குப் பெயர் வைத்தார்கள். திடீர் அதிர்ச்சிக்குப் பிறகு மாரடைப்பு மாதிரியே வலி வரும். ஈசிஜியும் அப்படியே காட்டும். ஆனால் ரத்தக்குழாயைப் பார்த்தால் அடைப்பு இருக்காது. இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் போல உப்பி, கழுத்து குறுகிய பானை மாதிரி தெரியும். ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானைக்கு டகோட்சுபோ என்று பெயர். நோய்க்கும் அதே பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் துக்க வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘அழுத அழுகை, தண்ணி குடிச்சா சரியாகிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மனிதர்களுக்கு மட்டும்தானா இது? அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்று ஒரு எலி வகை இருக்கிறது. பாலூட்டிகளில் அபூர்வமாக, ஜோடி சேர்ந்தால் சேர்ந்தே வாழ்கிற பிராணி. ஆலிவர் பாஷ், லாரி யங் ஆகியோர் குழு ஆண் எலிகளை ஜோடியிடமிருந்து பிரித்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தது. தப்பிக்க நீந்தாமல் அவை சும்மா மிதந்தன. கூடப்பிறந்த எலியிடமிருந்து பிரித்தால் அப்படி நடக்கவில்லை. ஜோடியைப் பிரித்தால் மட்டும். மன அழுத்தத்தைக் கிளப்பும் ஒரு மூளை வேதிப்பொருளைத் தடுத்தபோது மறுபடி நீந்தின. பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸோயி டொனால்ட்சன் குழு பார்த்தது இதைவிடச் சுவாரசியம்: நான்கு வாரப் பிரிவுக்குப் பிறகு, பழைய ஜோடிக்கென்றே மூளையில் பொங்கிய டோபமைன் மற்ற எலிகளுக்குப் பொங்குகிற அளவுக்கு இறங்கிவிடுகிறது. எலியின் நான்கு வாரத்தை மனிதனின் காலத்துக்கு மாற்றிச் சொல்ல எந்த வாய்ப்பாடும் கிடையாது. பிணைப்பின் பிடியைத் தளர்த்த உடம்புக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

இனி யாரும் அதிகம் பேசாத ஒரு நஷ்டம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980களில் சொன்னது: வெகுநாள் சேர்ந்து வாழ்பவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். அது போதும், இவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சங்கத்தில் வாங்கிய நூல் கணக்கு இவர் தலையில், பேத்தியின் தடுப்பூசித் தேதி அவர் தலையில். பெரியம்மா போனபோது பெரியப்பா இழந்ததில் பாதி, தன் சொந்த நினைவு. பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸ் புக் எங்கே, ஜவுளிக்கடையில் பாக்கி உண்டா, எதுவும் தெரியவில்லை. ‘கிறுக்குப் பிடிச்ச மாதிரி நிக்கிறாரு’ என்றார்கள். பாதி மூளை கையைவிட்டுப் போனவர் வேறெப்படி நிற்பார்?

துக்கத்துக்கு ஐந்து படி உண்டு, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஒவ்வொன்றாக ஏறிக் கடைசியில் கரை சேர வேண்டும் என்று மேடைப் பேச்சாளர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிவிட்டு. இருக்கிறவர்களுக்கு அதை மாட்டிவிட்டது பின்னால் நடந்தது. படிவரிசைக்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்குச் சரியாகப் படுவது நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் வைத்த விளக்கம். துணையை இழந்தவருக்கு இரண்டு வேலை இருக்கிறது. போனவரை நினைத்து அழுவது, புகைப்படம் பார்ப்பது, பேசுவது ஒன்று. ரேஷன் கடைக்குப் போவது, சமைக்கக் கற்றுக்கொள்வது, பேங்கில் கையெழுத்து மாற்றுவது, புதுசாக ஒருவரிடம் பேசுவது இன்னொன்று. ஆரோக்கியமான துக்கம் இதற்கும் அதற்கும் போய்ப் போய் வரும். ஒரு நாளிலேயே பத்துத் தடவை போய் வரும். ஒரே பக்கம் நின்றுபோனால்தான் ஆபத்து. அழுதுகொண்டே கிடப்பதும் ஆபத்து. ஒரு சொட்டுக்கூட விடாமல் வேலை வேலை என்று ஓடுவதும் ஆபத்து. தறியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. நாடா ஒரு பக்கமே நின்றால் துணி ஏது?

நம் ஊர்ச் சடங்கிலும் இந்தப் போக்குவரத்து கொஞ்சம் இருக்கிறது. ஒப்பாரிக்கு நேரம் குறித்து, மாரடித்து அழ இடம் கொடுத்து, பதினாறாம் நாள் ‘போதும், அடுப்பைப் பற்றவை’ என்று ஒரு கோடு போடுகிறது. பிறகு மாசத் திதி, வருஷத் திதி என்று மறுபடி அழ நாள் தருகிறது. பெரியப்பா முதல் வருடம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை. இரண்டாம் வருடம் போனார். தேரைப் பார்க்காமல் பாதியில் பஸ் ஏறித் திரும்பிவிட்டார். மூன்றாம் வருடம் வடம் தொட்டுவிட்டு, பேத்திக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார்.

‘கல்லு மனசு’ என்ற பட்டத்துக்கும் பதில் இருக்கிறது. ஜார்ஜ் பொனானோ குழு 2002இல் வெளியிட்ட ஆய்வின் அருமை, தம்பதிகளைத் துணை இருக்கும்போதே பேட்டி கண்டு வைத்திருந்ததுதான். பின்னால் துணையை இழந்த 205 பேரைப் பதினெட்டு மாதம் வரை பார்த்தார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர், 46 சதவீதம், பெரிய மனச்சோர்வு எதிலும் விழாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பாசமில்லாதவர்களா? அப்படி எந்த அறிகுறியும் இல்லை. அவர்களுக்கும் ஏக்கம் வந்தது, தொண்டை அடைத்தது. எழுந்து வேலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பதினேழாம் நாள் தறியில் உட்கார்ந்தவரைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கு முன் இதை யாராவது திண்ணையில் படித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

அடுத்த கேள்வி, எதற்காக இருப்பது என்பது. மனைவி போன பிறகு பீகாரில் மலையைக் குடைந்து வழி செய்த தசரத் மாஞ்சியை எல்லாப் பத்திரிகையும் எழுதியாயிற்று. மலை உடைக்கத் தெம்பில்லாதவர்களுக்கு அந்தக் கதை பயத்தைத்தான் கொடுக்கும். எனக்குப் பிடித்தவர் கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்கா. குழந்தை இல்லாத திம்மக்காவும் கணவர் சிக்கய்யாவும் ஹுலிக்கல்லுக்கும் குதூருக்கும் இடையிலான சாலையில் ஆலங்கன்று நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி 385 மரம் வளர்த்தார்கள். 1991இல் சிக்கய்யா இறந்தார். திம்மக்கா புதிதாக ஒரு லட்சியத்தைத் தேடிப் போகவில்லை. இருவரும் செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்தார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 நவம்பரில் காலமாகும்வரை மரம்தான் பேச்சு. ‘மறந்துவிட்டு முன்னேறு’ என்பதே ஒரு காலத்தில் உளவியலின் போதனையாக இருந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். இறந்தவரோடு உறவு அறுவதில்லை, வடிவம் மாறுகிறது, அது நோயும் அல்ல என்றார்கள். படத்துக்கு விளக்கேற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் ‘இதுக்கு ஒரு புஸ்தகமா’ என்பார்கள்.

வாழ ஒரு காரணம் இருப்பவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 14 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஒன்று பிரபலம். ஆனால் காரணம் இருந்ததால் ஆயுள் நீண்டதா, உடம்பில் தெம்பு இருந்ததால் காரணம் கிடைத்ததா என்பதை இந்த மாதிரி ஆய்வால் பிரிக்க முடியாது. மனச்சோர்வுச் சிகிச்சையில் நன்கு தேறிய ஒரு பாடத்தை நான் இதைவிட நம்புகிறேன்: விருப்பம் வந்தபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காதே, சின்ன வேலையைச் செய், விருப்பம் பின்னால் வரும். ஆட்டுக்குட்டி ஒன்று வாங்கிக் கட்டுவது, பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளையை அழைத்து வருவது, பக்கத்து வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போடக் கைகொடுப்பது. நம்மை எதிர்பார்த்து யாரோ எதுவோ இருந்தால் போதும்.

இதுவரை பேசியதில் பெரியப்பாவே முன்னால் நின்றுவிட்டார். கணக்கு அப்படி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண் மறுமணம் செய்துகொள்கிறான் என்பது ஒரு காரணம், பெண் வயதில் இளையவள் என்பது இன்னொன்று. ஸ்ட்ரோப்பும் ஷுட்டும் சொன்ன இரண்டாவது வேலையை, அதாவது வெளியே போவதை, புது ஆளாவதை, பெண்ணுக்கு ஊரே தடுத்து வைக்கிறது. நல்ல காரியத்துக்கு முன்னால் வராதே, பூ வைக்காதே, எதிரே வராதே. தறி மொழியில் சொன்னால், நாடாவின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம்.

இதைச் சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. 1886இல் பிறந்தவர், சிறுமியாகத் திருமணம், சிறுமியாகவே விதவை. முகம்கூடச் சரியாகத் தெரியாத கணவருக்காக அவர் மனம் எவ்வளவு துக்கப்பட்டிருக்கும்? அவர் மேல் விழுந்தது முழுக்க முழுக்க ஊர் சுமத்தியது. வீட்டார் துணை நின்று படிக்க வைத்தார்கள். 1911இல் சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். பிறகு அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் நடந்தது. அங்கிருந்து படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தவர்கள் ஏராளம். ஊர் சுமத்தியதை இறக்கிவைத்தால் என்ன மிச்சம் என்பதற்கு அந்த இல்லமே சோதனைச்சாலை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975இலிருந்து இருக்கிறது. 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அரிசிக்கும் மாத்திரைக்கும் அது கைகொடுக்கும். பேச ஆள் வேண்டுமே?

அதற்கும் ஒரு வழியை, முன்னால் சொன்ன மூவரில் ஒருவரான ஃபில்லிஸ் சில்வர்மன் 1960களின் கடைசியில் பாஸ்டனில் செய்து பார்த்தார். கணவரை இழந்து சில வருடம் ஆன பெண்ணை, புதிதாக இழந்தவர் வீட்டுக்கு அனுப்பினார். டாக்டர் இல்லை, கவுன்சிலர் இல்லை. அதே பாதையில் முன்னால் நடந்தவர். பின்னால் டொரன்டோவில் 162 பெண்களிடம் முறையாகச் சோதித்தபோது, இந்தத் துணை கிடைத்தவர்கள் வேகமாகத் தேறினார்கள். நம் தெருவில் சம்பளமில்லாமல் இதைச் செய்துவந்த ஆச்சிகள் உண்டு. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு கிளம்பிய கூட்டத்தில் பாதி உரையாடல் இதுவாகத்தான் இருந்தது.

எல்லோரும் தானாகத் தேறிவிடுவதில்லை. வருடம் தாண்டியும் துக்கம் முதல் வாரம் போலவே கொதித்து, சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடவில்லையென்றால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கர்கள் 2022இல் சேர்த்தார்கள், 12 மாதம் என்று வரம்பு வைத்து. 2017இல் வந்த தொகுப்பாய்வு பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகலாம் என்றது. கேத்தரின் ஷியர் இதற்கென்றே அமைத்த பதினாறு அமர்வுச் சிகிச்சையில் பாதிப்பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. பேசத் தொடங்க 14416 என்ற டெலி மானஸ் எண் தமிழிலும் பேசுகிறது, இலவசம்தான். ‘நானும் அவகூடப் போயிடுறேன்’ என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் வருடக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே போன் போட வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா விடிகாலையிலேயே ராட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தேவையான தாரை அவரே சுற்றிக்கொள்கிறார் இப்போது. அரைமணி நேரம் சுற்றுவார், பிறகு குழியில் இறங்குவார். சுற்றிய தாரைப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தறியின் வலப்பக்கம் வைத்தார், பழைய இடத்திலேயே. நான்கு விரற்கடை நெய்வதற்குள் ஊடை அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டார்.

“அவ சுத்துனா இப்படி அறாது” என்றார், என்னைப் பார்க்காமல். நாடா மறுபடி ஓடியது.